ஒன்பதாம் சாலையின் மூன்று வாசல்கள்

முப்பத்தோரு குளிர்காலங்களாக நோர்டால் மாவட்டத்தின் ஒன்பதாம் எண் சாலையில் பனி தள்ளி வந்தவர் ஹார்லன் ஓப்சால். மாவட்டச் சாலைத் துறையின் ஆரஞ்சு நிற லாரி, அதன் முன்னால் ஒரு பெரிய தகடு, வலப்பக்கம் இன்னொரு தகடு. முன் தகடு சாலையைச் சுரண்டும், பக்கத் தகடு பனியை ஓரத்துக்கு ஒதுக்கும். இதில் என்ன பெரிய வித்தை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். தள்ளுவதில் வித்தை ஒன்றும் இல்லைதான். தள்ளிய பனியை அடுத்தவர் வாசலில் கொட்டாமல் போவதுதான் வித்தை. ஒரு வீட்டு வாசல் வரும்போது இருக்கைக்கு வலப்புறம் இருக்கும் கைப்பிடியைச் சட்டென்று இழுத்துப் பக்கத் தகட்டை மடக்க வேண்டும், வாசலைத் தாண்டியதும் விரித்துவிட வேண்டும். அரை நொடி தாமதித்தால் போதும், முழங்கால் உயரத்துக்கு இறுகிய பனிக்கரை ஒன்று அந்த வீட்டுக் கார் வெளியே வரும் வழியில் உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்காரர் காலையில் மண்வெட்டியோடு வந்து நின்று லாரிக்காரனை மனசுக்குள் திட்டுவார். மனசுக்குள்தான். எங்கள் ஊரில் வெளியே திட்டுவது வழக்கமில்லை.

ஹார்லன் ஒரு வாசலையும் மூடியதில்லை என்பது அவருக்கு இருந்த ஒரே பெருமை. வேறு பெருமை பேசி யாரும் கேட்டதில்லை. சாலையில் எதிரே யார் வந்தாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் ஓர் அங்குலம் தூக்குவார். இது ஊர் மரியாதை. எல்லோரும் செய்வதுதான். கடன் வாங்கித் திருப்பாதவனுக்கும் தூக்க வேண்டும், தேவாலயக் கூட்டத்தில் சண்டை போட்டவனுக்கும் தூக்க வேண்டும். தூக்காமல் போனால் மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

இப்படி இருந்த மனிதரை இரண்டு மீன்கள் கவிழ்த்தன.

ஒரு கோடையில் ஏரியில் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் இரண்டு மீன் அதிகமாகப் பிடித்துவிட்டார். மீன் காவலர் அபராதச் சீட்டு கிழித்தார். ஹார்லன் மறுநாளே காசோலை அனுப்பினார். சீட்டின் பின்பக்கம் ஒரு கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் கவனிக்கவில்லை. நீதிமன்றக் கணக்கில் அவர் ஆஜராகாத ஆள். பிடியாணை ஒன்று கணினிக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, காரின் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்திய போலீஸ்காரர் பெயரைத் தட்டிப் பார்த்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. திங்கட்கிழமை நீதிபதி வரும்வரை மாவட்டச் சிறையில் இருக்க வேண்டும் என்றார்கள்.

சிறை வரவேற்பறையில் பையிலும் உடம்பிலும் இருந்ததை எல்லாம் எடுத்து வைத்தார். பெல்ட், சாவி, மூக்குக்கண்ணாடி. கல்யாண மோதிரம் மட்டும் வரவில்லை. முப்பது வருஷக் குளிரில் இரும்பைப் பிடித்துப் பிடித்து விரல் முட்டி வீங்கிப் போயிருந்தது. மார்லிஸைக் கட்டிய நாளிலிருந்து கழற்றியதும் இல்லை.

"கழட்டுய்யா," என்றார் மூத்த காவலர்.

"வரல. கொஞ்சம் சோப்பு இருந்தா குடுங்க."

"இது என்ன லாட்ஜா, சோப்பு குடுக்க?"

மூத்தவர் விரலைப் பிடித்துத் திருகினார். வலி தாங்காமல் ஹார்லன் கையை உதறிப் பின்னால் இழுத்தார். அவ்வளவுதான். மூன்று பேர் மேலே விழுந்தார்கள். முகம் தரையில் அழுந்த, வலது கை முதுகுப் பக்கம் வளைய, தோள்மீது ஒரு முட்டி ஏறி உட்கார்ந்தது. "போதும், எடுங்கப்பா, தோள் போகுது" என்று ஹார்லன் இரண்டு தடவை சொன்னார். முட்டிக்குச் சொந்தக்காரன் டெரெக் ஸ்கோக், இருபத்தாறு வயது. ஒன்பதாம் சாலையில் தானியக் கிடங்கு மேட்டைத் தாண்டி மூன்றாவது வீடு. அவன் பள்ளிக்கூடப் பேருந்து ஏறிய காலத்திலிருந்தே அந்த வாசலில் ஹார்லன் தகட்டை மடக்கி விரித்திருக்கிறார்.

தோள் எலும்பு உடைந்திருந்தது என்பது பதினோரு மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரியில் தெரிந்தது. அங்கே ஒரு நர்ஸ் சின்ன ரம்பத்தை எடுத்து இரண்டு நிமிஷத்தில் மோதிரத்தை அறுத்து, காகிதக் கோப்பையில் போட்டு மார்லிஸிடம் கொடுத்தாள். திங்களன்று நீதிபதி மீன் வழக்கை ஒரே நிமிஷத்தில் தள்ளினார். சிறைக் குறிப்பேட்டில் மட்டும் ஒரு வார்த்தை தங்கிவிட்டது: 'எதிர்த்தார்.' சிறை வரவேற்பறையில் இருந்த கேமராவுக்குக் காது கிடையாது. சோப்பு கேட்டது அதில் இல்லை. கையை உதறியது இருக்கிறது.

வழக்குப் போட ஹார்லனுக்கு மனசில்லை. "விடு, இதைவிட மோசமா நடந்திருக்கலாம்" என்றார். எங்கள் பக்கத்தில் வீடு எரிந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். மார்லிஸ் விடவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளை மேய்க்கிறவள் அவள். "எதிர்த்தாராம்! வீட்ல ஈயக்கூட வெளிய போகச் சொல்லி ஜன்னலத் திறந்துவிடற ஆளு நீ. உன்ன எதிர்த்தார்னு எழுதி வச்சிருக்கான். நா சாகற வரைக்கும் அது அங்க இருக்கணுமா?" என்று நகரத்துக்குப் போய்ப் பாட்ரீஸ் குவிக்லி என்ற வக்கீலம்மாவைப் பிடித்து வந்தாள். குடிமை உரிமை மீறல், அளவுக்கு மீறிய பலப்பிரயோகம் என்று மாவட்டத்தின்மீதும் அந்த மூன்று காவலர்கள்மீதும் வழக்கு. இரண்டு வருஷத்துக்கு மேல் அது இழுத்தது. காகிதம் போனது, காகிதம் வந்தது. ஊரில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேவாலயத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கோட்டை நகர்த்தி வைத்து இடம் மட்டும் விட்டார்கள்.

முதல் குளிர்காலம் முழுக்க ஹார்லன் கட்டோடு வீட்டில் கிடந்தார். இரண்டாவது குளிர்காலத்தில் சின்ன வேலை கொடுத்தார்கள், உப்பு மூட்டை எண்ணுகிற வேலை. மூன்றாவது குளிர்காலம் தொடங்கியதும் தன்னுடைய லாரிக்கே திரும்பினார். வலது கை தோளுக்கு மேல் ஏறாது. ஆனால் கைப்பிடி தாழ்வாகத்தானே இருக்கிறது, சமாளிக்கலாம் என்றார். "முடியுமாய்யா?" என்று மேஸ்திரி கெர்ட் ஒரே ஒரு தடவை கேட்டார். "மோசமில்ல" என்றார் ஹார்லன். அத்தோடு பேச்சு முடிந்தது.

அந்த லாரி அவருக்கு வேண்டும். வழக்கில் ஜெயிப்பதைவிட, பணத்தைவிட அது வேண்டும். அறுபது வயசு ஆகவில்லை, வேறு வேலை தெரியாது, வீட்டில் உட்கார்ந்த அந்த ஒரு குளிர்காலத்திலேயே பாதி கிழவனாகிவிட்டார். ஊரில் பனி விழும்போது தான் மட்டும் ஜன்னலோரம் நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை.

சமரசப் பேச்சு ஜனவரியில் வந்தது. நகரத்தில் ஒரு பழைய வீட்டை ஆபீசாக மாற்றியிருந்தார்கள். ஹார்லன், மார்லிஸ், பாட்ரீஸ் மூவரும் மாடியில் ஓர் அறையில். மாவட்டத்தார் கூடத்துக்கு எதிர்ப்புற அறையில். இரு தரப்பும் முகம் பார்க்கக் கூடாது என்பதுதான் முறை. நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், ஹால்வர்சன் என்று பெயர், கம்பளிக் காலுறையோடு இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடந்துகொண்டிருந்தார். தரைவிரிப்பு நனையக் கூடாது என்று எல்லோரும் பனிக்காலணிகளை அறை வாசலில் கழற்றி வைத்திருந்தார்கள். கழிப்பறைக்குப் போகும்போது எதிர் அறை வாசலில் ஆறு ஜோடி காலணிகளைப் பார்த்தார் ஹார்லன். அதில் ஒரு ஜோடி டெரெக்குடையதாக இருக்கும். இரண்டே கால் வருஷத்தில் அவனுக்கு அவ்வளவு பக்கத்தில் போனது அன்றைக்குத்தான்.

மத்தியானத்துக்குள் பேச்சு ஓர் இடத்துக்கு வந்தது.

"தொண்ணூறாயிரம் டாலர் வரைக்கும் வந்திருக்காங்க, மிஸ்டர் ஓப்சால்," என்றார் நீதிபதி, நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டியபடி. "என் அனுபவத்துல இது மோசமில்ல."

"தப்பு செஞ்சோம்னு எழுதுவாங்களா?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"அம்மா, நாப்பது வருஷத்துல அப்படி ஒரு காகிதத்த நான் பாத்ததே இல்ல. யாரும் எந்தத் தப்பையும் ஒத்துக்கலங்கறதுதான் ஒப்பந்தத்தோட முதல் வரி. பணம் குடுப்பாங்க. அந்த வார்த்தைய மட்டும் குடுக்க மாட்டாங்க."

"எங்க வீட்டுக்காரர எதிர்த்தார்னு எழுதின வார்த்த மட்டும் இருக்கணும், இல்ல?"

நீதிபதி தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்துப் பாதி கடித்து வைத்தார்.

பாட்ரீஸ் தாள்களைப் புரட்டி விரலை வைத்தாள். "பதினாலாவது பத்திய மறுபடியும் போட்டிருக்காங்க. நான் ரெண்டு தடவ கோடு போட்டு அடிச்சு அனுப்பினேன்."

மனுதாரர் மாவட்ட வேலையிலிருந்து விலக வேண்டும், இனி மாவட்டத்தின் எந்த வேலைக்கும் விண்ணப்பிக்கக் கூடாது என்றது பதினாலாவது பத்தி. மாவட்டத்தின் மேல் வழக்குப் போட்ட மாவட்ட ஊழியருக்கு, காப்பீட்டு நிறுவனம் வழக்கமாகப் போடுகிற பத்தியாம். ஹார்லன் அன்று காலையிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"பணத்தப் பாதியாக் குறைச்சுக்கட்டும். அந்தப் பத்திய எடுக்கச் சொல்லுங்க."

"ஹார்லன்!" என்றாள் மார்லிஸ்.

"எடுக்கச் சொல்லுங்க சார்."

நீதிபதி போனார். நாற்பது நிமிஷம் வரவில்லை. வந்தபோது கையில் ஒரு மஞ்சள் உறை இருந்தது, முகம் சரியாயில்லை.

"இத உங்களுக்குக் காட்டச் சொன்னாங்க. இந்தக் குளிர்காலத்துல எடுத்த படங்க. ஸ்கோக் வீட்டு வாசல்ல நீங்க வேணும்னே பனியக் கொட்டிப் பழிவாங்கறீங்கன்னு சொல்றாங்க. இந்த ஆள எப்படி லாரில வச்சிருக்கறதுன்னு கேக்கறாங்க."

பதினோரு படங்கள். ஒவ்வொன்றிலும் தேதி. ஒவ்வொன்றிலும் டெரெக் ஸ்கோக்கின் கார் முன்னால் சுவர் மாதிரி ஒரு பனிக்கரை.

மார்லிஸின் முகம் சிவந்துவிட்டது. "என் புருஷன் அப்படிப்பட்ட ஆளு இல்ல. அந்தப் பய வீட்டு வாசலத்தான் ரொம்பப் பாத்துப் பாத்துத் தள்றேன்னு என்கிட்டயே சொல்லியிருக்கார். எனக்குக் கோவம்கூட வந்துச்சு. சொல்லு ஹார்லன்!"

உண்மைதான். யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்று, மற்ற எந்த வாசலையும்விட அந்த வாசலில்தான் அவர் முன்கூட்டியே கையைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். மடக்கிவிட்டதாகத்தான் நினைத்தார். பின்னால் திரும்பிப் பார்க்க முடியாது. லாரி ஓடும்போது கண்ணாடி முழுக்கப் பொடிப்பனிப் புகைதான் தெரியும்.

ஹார்லன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்காவது படத்தில் நின்றார். ஓரத்தில், தூரத்தில், மிசஸ் டாலெஃப்சனுடைய நீலத் தபால்பெட்டி தெரிந்தது. மேட்டைத் தாண்டி முதல் வீடு அது. எண்பத்து மூன்று வயசுக் கிழவி, தனியாக இருக்கிறாள். தபால்பெட்டிக்குப் பக்கத்தில் அதே உயரத்துக்கு அதே பனிக்கரை. நடுவிலிருந்த வீட்டிலும் இருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் குளிர்காலத்துக்கு அரிசோனா போய்விடுவார்கள், கேட்க ஆளில்லை. ஏழாவது படம், ஒன்பதாவது படம் எல்லாவற்றிலும் அப்படித்தான்.

"இது மூணு வாசல்லயும் இருக்கு," என்றார் மெதுவாக.

மேடு ஏறி இறங்கினால் அந்த மூன்று வாசல்களும் அடுத்தடுத்து வரும். இழு, விடு, இழு, விடு, இழு, விடு. லாரி ஏறி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும், தோள் கட்டையாகிப் போயிருக்கும். இழுத்தோம் என்று மூளை நினைக்கிறது, கை அரை நொடி கழித்துத்தான் போகிறது. ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு கிழவியின் வாசலை மூடிக்கொண்டு போயிருக்கிறார், நன்றாக வேலை செய்கிறோம் என்ற நினைப்பில். யாரும் சொல்லவில்லை. அவமானத்தில் காது சுட்டது.

பாட்ரீஸுக்குச் சட்டென்று புரிந்தது, கண் மின்னியது. "மூணு வாசல்னா பழிவாங்கல் இல்லியே! இது கைதான! அவங்க உடைச்ச கை! சார், அவங்க குடுத்த படமே நமக்குச் சாட்சி. தொண்ணூறெல்லாம் பத்தாது."

நீதிபதி தலையாட்டினார். "போய்ச் சொல்றேம்மா. சொன்ன அடுத்த நிமிஷம் அவங்க என்ன கேப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். கைப்பிடிய இழுக்க முடியாதவருக்கு எதுக்கு லாரின்னு கேப்பாங்க."

வேண்டுமென்றே கொட்டினேன் என்றாலும் வேலை போகும், முடியாமல் கொட்டினேன் என்றாலும் வேலை போகும். இருதலைக் கொள்ளி எறும்பாக உட்கார்ந்திருந்த ஹார்லன் படங்களை அடுக்கி உறைக்குள் போட்டு, "திங்கக்கிழம வரைக்கும் டயம் குடுங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

சனிக்கிழமை காலை மிசஸ் டாலெஃப்சன் வீட்டுக்குப் போனார். அவள் காபி போட்டு, பேரீச்சம்பழம் வைத்த துண்டு கேக்கை வெட்டி வைத்தாள். வந்த காரியத்தைக் கேட்கவில்லை. தட்பவெப்பம் பற்றிப் பேசினார்கள், அவளுடைய முழங்கால் பற்றிப் பேசினார்கள். இரண்டாவது கோப்பையில்தான் ஹார்லனுக்கு வாய் வந்தது.

"உங்க வாசல நான் மூடிட்டுப் போயிருக்கேன். இந்த சீசன் பூரா."

"அடப் போப்பா, அப்படி ஒண்ணும் மோசமில்ல."

"ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"உனக்கே ஆயிரம் தொல்ல. இதுல நான் வேற போன் பண்ணி, ஹார்லன், என் வாசல்ல பனி கெடக்குன்னு சொல்லணுமா? நல்லாருக்குமா?"

"நீங்களா தள்ளினீங்க?"

"எனக்கு எங்க தெம்பு! அந்த டெரெக் பையன்தான் வந்து தள்ளுவான். மொதல்ல என் வாசல், அப்புறம் அவன் வாசல். டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி."

ஹார்லன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான்கூட ஒரு நாள் கேட்டேன்," என்று கேக் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள் கிழவி. "ஹார்லன் இப்படிப் பண்றவர் இல்லியே, என்னாச்சுன்னு. அது அவரோட தோள் மிசஸ் டாலெஃப்சன், அவரால முடியல, அவர்கிட்ட சொல்லாதீங்கன்னான். அப்புறம் கொஞ்ச நேரம் மண்வெட்டிய ஊணிக்கிட்டே நின்னான். அன்னிக்கு அவர் சொன்னப்பவே முட்டிய எடுத்திருக்கணும், எடுக்கலன்னான். அவ்வளவுதான். உப்புத் தூவிட்டுப் போயிட்டான்."

இரண்டு வருஷத்துக்கு மேலாக, கத்தை கத்தையாக வந்த காகிதத்தில், எத்தனை வக்கீல்கள் தட்டச்சு செய்தும் வராத வாக்கியம், ஒரு சமையலறை மேசையில் கேக்கோடு வந்தது. ஹார்லனுக்கு முதலில் நெஞ்சு லேசாயிற்று. சொன்னான், ஒத்துக்கொண்டான், நான் பொய் சொல்லவில்லை. அடுத்த கணம் கோபம் மூண்டது. தோள்தான் காரணம் என்று தெரிந்தவன் அந்தப் பதினோரு படத்தை எப்படிக் கொடுத்தான்? அவன் கொடுக்கவில்லை, அவன் பெண்டாட்டி எடுத்தாள், வக்கீல் வாங்கிக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். எதிர் அறையில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து, பழிவாங்குகிறார் என்று சொல்லும்போது வாயைத் திறக்காமல் இருந்தானே! அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். இவன் அடித்தான், கிழவியின் வாசலைக் கூட்டினான், மறுபடியும் அடித்தான்.

"நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டனா ஹார்லன்?"

"இல்லீங்க."

"கோர்ட்ல வந்து சொல்லணும்னா சொல்றேன். சத்தியம் வாங்கிக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்." சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக ஸ்கோக் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். ஹார்லன் அதைக் கவனித்தார். பிள்ளைகள் இருவரும் வெளி மாநிலத்தில். அடுப்புக்கு விறகு தூக்கி வைப்பது, மருந்து வாங்கி வருவது எல்லாம் அந்தப் பையன்தான் என்பது ஊருக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மார்லிஸ் கைத்துண்டை மேசையில் அடித்தாள். "போதும்! இது போதும்! பாட்ரீஸுக்கு இப்பவே போன் போடு. கிழவிய கூண்டுல ஏத்தினா அவனுங்க கத முடிஞ்சுது. எதிர்த்தார்னு எழுதினானே, அத நாக்கால அழிக்க வைக்கலாம்."

"ஏத்தலாம்."

"அப்புறம் என்ன?"

"அவங்க வக்கீல் அவளப் பாதி நாள் நிக்க வச்சுக் கேப்பான். உங்களுக்குக் காது கேக்குதா, போன வாரம் என்ன சாப்பிட்டீங்கன்னு. அவ வீட்டுக்குப் போவா. பக்கத்து வீட்டுல அவன் இருப்பான். அடுத்த நாள் பனி விழும்."

"அதுக்கு நாம என்ன பண்றது? உன் தோள ஒடச்சது அவளா?"

"அவ இல்ல. ஆனா அவ வாசல மூடினது நான்."

"நீ எப்பவும் இப்படித்தான். அடுத்தவன் வாசலையே பாத்துக்கிட்டு இரு," என்று சொல்லி மார்லிஸ் அழுதாள். அழுகிறவள் இல்லை அவள். ஹார்லன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இடது கையை அவள் முதுகில் வைத்தார்.

"எனக்கு அலுத்துப் போச்சு மார்லிஸ். ஜெயிச்சாலும் அந்தக் கைப்பிடி எனக்கு வராது. நானே படத்துல பாத்துட்டேன். மத்தவன் சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன்."

இதை ஊரில் சிலர் பெருந்தன்மை என்று பிற்பாடு சொன்னார்கள். பெருந்தன்மையும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. ஒரு மனிதர் களைத்துப் போனார், அவ்வளவுதான். களைத்தவனைப் பார்த்து நல்லவன் என்று சொல்லிவிட்டால் களைக்க வைத்தவனுக்கு வசதி.

திங்களன்று கையெழுத்துப் போட்டார். பதினாலாவது பத்தியோடுதான். 'எதிர்த்தார்' என்ற வார்த்தையைக் குறிப்பேட்டிலிருந்து நீக்க வேண்டும் என்று பாட்ரீஸ் போராடி ஒரு வரி சேர்த்தாள். நீக்க மாட்டோம், பக்கத்தில் 'மனுதாரர் இதை மறுக்கிறார்' என்று எழுதி வைக்கிறோம் என்றார்கள். அதுவரைக்கும்தான் போக முடிந்தது. வலது கையால் பேனா பிடிப்பதில் அவருக்குச் சிரமம் இல்லை.

பிப்ரவரியில் மாவட்ட வாரியக் கூட்டம். ஹார்லன் வரவில்லை, மார்லிஸ் மட்டும் சமையலறைத் தொப்பியோடு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். விவாதம் வேண்டாத விஷயங்கள் என்று ஒன்பதை ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்தார்கள். பாலத்துக்கடியில் போடும் குழாய் வாங்குவது, கண்காட்சித் திடலுக்குப் பெயின்ட் அடிப்பது, ஓப்சால் எதிர் மாவட்டம் சமரசம். தலைவர் ஒன்பதையும் சேர்த்து ஒரே தடவையில் கேட்டார், ஐந்து பேர் கை தூக்கினார்கள். கை தூக்குவது அவர்களுக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

மாதக் கடைசியில் ஹார்லன் விலக வேண்டும். இருபத்தேழாம் தேதி பனி விழுந்தது.

கெர்ட் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "வேணாம்னா விடுய்யா. வேற ஆள அனுப்பறேன்."

"நாளைக்கு அனுப்பு," என்று சாவியை வாங்கிக்கொண்டார் ஹார்லன்.

அன்றைக்கு அவர் அவசரப்படவில்லை. வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் மேட்டைத் தொடுகிறவர், மூன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். பின்னால் பால் லாரி ஒன்று ஊர்ந்து வந்தது. ஒலி எழுப்பவில்லை, இங்கே யாரும் எழுப்ப மாட்டார்கள். மேட்டை அடைந்தபோது நன்றாக விடிந்து, பனி நின்று, வெயிலில் கண் கூசியது. மேட்டின் உச்சியில் லாரியை நிறுத்தினார். வலது கையைத் தூக்கி ஸ்டீயரிங்கின் கீழ்ப்பக்கம் வைத்து அழுத்திப் பிடித்தார். இடது கையை உடம்புக்குக் குறுக்காக நீட்டிக் கைப்பிடியைப் பற்றினார். உடம்பு முறுக்கிக்கொண்டது, பாதுகாப்புப் பெல்ட் கழுத்தை அறுத்தது. இப்படி ஓட்டக் கூடாது என்பது சட்டம். ஒரு நாளைக்குத்தானே என்று நினைத்துக்கொண்டார்.

நடை வேகத்தில் இறங்கினார். நீலத் தபால்பெட்டி. இழுத்தார். தகடு மடங்கியது. வாசல் தாண்டியது. விட்டார். அரிசோனாக்காரர்கள் வாசல். யாரும் இல்லாத வீடுதான், இருந்தாலும் இழுத்தார், விட்டார். இந்தத் தடவை கண்ணாடியில் பார்க்க முடிந்தது, லாரி அவ்வளவு மெதுவாகப் போனதால் புகை எழவில்லை. இரண்டு வாசலும் கழுவின தட்டு மாதிரி கிடந்தன.

மூன்றாவது வாசலில் டெரெக் ஸ்கோக் நின்றுகொண்டிருந்தான். சிறைக்காவல் சீருடைக் கால்சட்டை, மேலே தடித்த கோட்டு, கையில் மண்வெட்டி. முதலில் கிழவியின் வாசலுக்குப் போகத்தான் வந்திருப்பான். அந்தப் பக்கம் பார்த்தான், தள்ள அங்கே ஒன்றும் இல்லை. லாரியைப் பார்த்தான். நகராமல் நின்றான்.

கைப்பிடி ஹார்லனின் இடது கையில் இருந்தது. இழுக்காமல் விட்டால் போதும். எழுதி வைத்த பழிதான், ஒரு தடவையாவது செய்துவிட்டுப் போகலாம். அதற்கான விலையை ஏற்கனவே கொடுத்தாயிற்று, மாவட்டம் முழுக்க நம்பிவிட்டது. அந்த ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

இழுத்தார். சரியான நொடியில் தகடு மடங்கியது. டெரெக்கின் வாசலில் ஒரு பிடி பனிகூட விழவில்லை.

லாரி அவனைத் தாண்டும்போது டெரெக் மண்வெட்டியை இடது கைக்கு மாற்றி, வலது கையின் ஆள்காட்டி விரலைத் தூக்கினான். ஓர் அங்குலம், ஊர் முறைப்படி. அவன் முகத்தில் ஏதோ சொல்ல வந்தது தெரிந்தது.

ஹார்லனின் வலது கை ஸ்டீயரிங்மீது இருந்தது. விரல்களில் மட்டும் வலி எப்போதும் இருந்ததில்லை. அவை நன்றாகத்தான் வேலை செய்தன. முப்பத்தோரு வருஷத்தில் ஒன்பதாம் சாலையில் அவர் பதில் தூக்காமல் போன ஆள் ஒருவர்கூட இல்லை.

அவர் விரலைத் தூக்கவில்லை. தகட்டை விரித்துவிட்டு நேரே பார்த்து ஓட்டினார்.